பாரிசில் சேர்த்த ஒரு வரி

சென்னை கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் காரன்வாலிஸின் பளிங்குச் சிலையைப் பார்த்திருப்பார்கள். திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகள் பணயமாக ஒப்படைக்கப்படும் காட்சி அதன் பீடத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வெற்றிக்குப் பத்தாண்டு முன்பு, 1781 அக்டோபரில், இதே காரன்வாலிஸ் அமெரிக்காவின் யார்க்டவுனில் தன் படையோடு சரணடைந்தார் என்பது நாம் பள்ளியில் படித்ததுதான். சரி, பிடிபட்ட தளபதியை யாருக்கு மாற்றாக விடுவித்தார்கள் என்று தேடியபோதுதான் ஹென்றி லாரன்ஸ் என்ற பெயர் எனக்கு முதன்முதலில் அறிமுகமானது. தென் கரோலினாவின் பெரிய நெல் பண்ணையார். ஒரு காலத்தில் செரோக்கி மக்களுக்கு எதிரான படையெடுப்பில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். அமெரிக்கக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தவர். டச்சுக்காரர்களிடம் உதவி கேட்கக் கப்பலேறிப் போனபோது, 1780 செப்டம்பரில் நடுக்கடலில் பிரிட்டிஷாரிடம் மாட்டி, லண்டன் டவர் சிறையில் அடைக்கப்பட்டார். டவருக்குப் பொறுப்பான கான்ஸ்டபிள் பதவியை அப்போது வகித்தவர் காரன்வாலிஸ். அந்தக் காரன்வாலிஸ் யார்க்டவுனில் மண்டியிட்டபோது, சரணாகதி நிபந்தனைகளை அமெரிக்கத் தரப்பில் உட்கார்ந்து பேசி முடித்தவன் ஹென்றியின் மூத்த மகன் ஜான் லாரன்ஸ். கதாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

இந்தத் தற்செயல்களுக்காகத்தான் தொடர்ந்து படித்தேன். ஆனால் வெகுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது வேறு ஒன்று. 1782 நவம்பர் 30 அன்று பாரிசில், அமெரிக்க விடுதலைப் போரை முடித்துவைத்த பூர்வாங்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில், ஹென்றி லாரன்ஸ் சொல்லிச் சேர்க்கவைத்த ஒரு வரி. மகனை இழந்த ஒரு அப்பா, அந்த மகன் எதற்காக வாழ்ந்தானோ அந்த அடிமை விடுதலைக்கு நேரெதிரான வரியை, செய்தி வந்த அதே மாதத்தில் எழுதவைத்தார். அதை நான் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மனம் சமாதானமாக மறுக்கிறது.

அரிசியும் ஆட்களும்

ஹென்றி 1724-இல் தென் கரோலினாவின் துறைமுக ஊரான சார்ல்ஸ்டனில் பிறந்தவர். மத ஒடுக்குமுறைக்குத் தப்பி பிரான்சிலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டன்ட் குடும்பம். அப்பா குதிரைச் சேணம் செய்து விற்றுப் பணக்காரரானவர். மகன் அதைவிடப் பெரிய வியாபாரத்தில் இறங்கினார். ஆப்பிரிக்கர்களைக் கப்பலிலிருந்து இறக்கி ஏலம் விடும் வியாபாரம். 1750-களில் மட்டும் அவருடைய நிறுவனம் 8,000 பேருக்கு மேல் விற்றுக் கொடுத்தது. சியரா லியோன் ஆற்றில் பன்ஸ் தீவு என்று ஒரு கோட்டை இருந்தது, பிடித்துவரப்பட்டவர்களை அடைத்துவைத்துக் கப்பலேற்றும் இடம். அதன் உரிமையாளர்களில் முக்கியமானவர் லண்டன் வியாபாரி ரிச்சர்ட் ஆஸ்வால்ட். அவருடைய சரக்குக்குச் சார்ல்ஸ்டனில் முகவர் ஹென்றிதான், பத்து சதவீதக் கழிவு. ஆஸ்வால்ட் என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1760-இல் அவருடைய நிறுவனம் கொடுத்த ஒரு விளம்பரம் இன்றும் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரையிலிருந்து வந்த சுமார் 250 பேர் விற்பனைக்கு என்கிறது. கரோலினாவின் சதுப்பில் நெல் பயிரிட, தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்டவர்களின் கை வேண்டும் என்று வாங்குபவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஊரைச் சொல்லி விற்கிறார்கள். சார்ல்ஸ்டனில் அம்மை பரவிக்கிடப்பதால் கப்பலை ஊரோடு ஒட்டவிடாமல் வைத்திருக்கிறோம், சரக்குக்கு நோய்த்தொற்று இல்லை என்றும் அந்த விளம்பரம் உறுதி சொல்கிறது. அந்த அம்மை ஹென்றியின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. கைக்குழந்தை மார்த்தா இறந்துவிட்டாள் என்று நினைத்து, அடக்கத்துக்காக ஜன்னலோரம் கிடத்திவிட்டார்கள். காற்று பட்டு அசைந்தாள், மருத்துவர் உயிர் இருக்கிறது என்றார், பிழைத்துக்கொண்டாள். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் அன்றிலிருந்து ஹென்றியை விடவேயில்லை. தன் குழந்தைக்காக அப்படி நடுங்கிய மனிதரின் நிறுவனம் அதே நோயைப் பற்றி அதே காலத்தில் கொடுத்த விளம்பரம் இது.

1762-இல் கூப்பர் ஆற்றங்கரையில் மெப்கின் என்ற 3,000 ஏக்கர் பண்ணையை வாங்கினார். மெல்ல மெல்ல ஆள் வியாபாரத்திலிருந்து விலகினார். ஆனால் ஆட்களை வைத்திருப்பதிலிருந்து விலகவில்லை. நெல்லும் அவுரியும் விளைந்த அவருடைய பண்ணைகள் ஜார்ஜியா வரை பரவின. மனைவி எலினார் பால், அவரும் நெல் பண்ணையார் குடும்பத்துப் பெண். பன்னிரண்டுக்குக் குறையாத பிள்ளைகள், பெரும்பாலும் சிறுவயதிலேயே போய்ச் சேர்ந்தவர்கள். 1770-இல் கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு எலினாரும் இறந்துபோனார். மிஞ்சிய பையன்களை அழைத்துக்கொண்டு ஹென்றி ஐரோப்பா போனார். மூத்தவன் ஜான் ஜெனிவாவில் படித்தான், பிறகு லண்டனில் சட்டம். அதே லண்டனில் 1775-இல் கடைசிப் பையன் ஜேம்ஸ் பத்து வயதில் கீழே விழுந்து இறந்தான். மறுமணம் செய்துகொள்ளாத இந்த மனிதருக்கு உலகத்தில் நெருக்கம் என்று சொன்னால் ஜானும் அவனுக்கு எழுதும் நீண்ட நீண்ட கடிதங்களும்தான்.

"நான் அடிமைமுறையை வெறுக்கிறேன்"

1776 ஆகஸ்ட் 14. சுதந்திரப் பிரகடனச் செய்தி சார்ல்ஸ்டனுக்கு வந்து சேர்ந்த சூட்டில் ஹென்றி லண்டனில் இருக்கும் மகனுக்கு எழுதுகிறார். நான் அடிமைமுறையை வெறுக்கிறேன் என்று அந்தக் கடிதத்தில் நேரடியாகச் சொல்கிறார். என்னிடம் இருப்பவர்களை நாளைக்கே ஏலம் விட்டால் 20,000 பவுன் தேறும், ஆனாலும் பலரை விடுவிக்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். சட்டமும் வழக்கமும் ஊராரின் பேராசையும் மட்டுமில்லை, என் சொந்தப் பேராசையும் எதிரே நிற்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். இவ்வளவு சொத்தைப் பறித்துக்கொண்டால் என் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்றும் கேட்கிறார்.

நல்ல கடிதம். இதை மட்டும் எடுத்துவைத்து ஹென்றி லாரன்சை அடிமை ஒழிப்பின் முன்னோடி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே கடிதத்தில், பிரிட்டிஷ் கப்பல்காரர்கள் நூற்றுக்கணக்கான அடிமைகளை ஆசைகாட்டித் திருடிப் போகிறார்கள் என்று ஆத்திரமும் படுகிறார். ஓடிப்போனவர்கள் தாங்களாகவே முடிவெடுத்து, உயிரைப் பணயம் வைத்து, இருட்டில் சதுப்பைக் கடந்து போனார்கள் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. நான் கொடுத்தால் விடுதலை, நீயாக எடுத்துக்கொண்டால் திருட்டு. இந்த இரண்டு நினைப்பும் ஒரே தாளில் ஒன்றையொன்று இடிக்காமல் கிடக்கின்றன. பாரிசில் வரப்போகும் வரியின் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை பதில் சொன்னான். ஜான் அப்பாவின் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டான். அந்த வருடத்தின் தொடக்கத்திலேயே, நம் அடிமைகளை விடுவிக்காமல் நாம் விடுதலை கேட்டுப் போராடுவது அழகில்லை என்று ஒரு நண்பனுக்கு எழுதியிருந்தவன் அவன். இப்போது அப்பாவே சொல்கிறார். பெற்றோர் கடிதத்தில் எழுதும் நல்ல வார்த்தைகளைச் செயல்திட்டமாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் அபூர்வம், வீட்டுக்கு அவர்களால் வரும் சங்கடமும் பெரிது.

பள்ளத்தாக்கின் குளிரில்

ஜானைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. லண்டனில் மார்த்தா மேனிங் என்ற பெண் அவனால் கருவுற்றபோது 1776 அக்டோபரில் அவளை மணந்துகொண்டான். பரிதாபத்தால் மணந்தேன் என்று சித்தப்பாவுக்கு எழுதினான். குழந்தை பிறக்கும் முன்பே போருக்குக் கப்பலேறிவிட்டான். பிரான்செஸ் என்ற அந்த மகளை அவன் கடைசிவரை பார்க்கவில்லை. 1781-இல் அவன் தூதனாக பிரான்சுக்கு வந்திருக்கிறான் என்று அறிந்து அவனைத் தேடிப் புறப்பட்ட மனைவி, வழியில் லில் நகரத்தில் இறந்துபோனாள். இன்னொன்றும் இருக்கிறது. போர்முனையில் அவனோடு ஷ்ரூஸ்பரி என்ற அடிமைப் பணியாள் இருந்தான். 1777 குளிர்காலத்தில் அப்பாவிடம் துணிமணி கேட்டு எழுதும்போது, அவனுக்குக் குளிர் உடுப்பு கிடைப்பது சிரமம் என்றால் இல்லாமல் சமாளித்துக்கொள்வான் என்ற பொருளில் ஒரு வரி எழுதுகிறான் ஜான். மனித உரிமை பற்றி அவன் எழுதிய உயர்ந்த பக்கங்களுக்குப் பக்கத்தில் இந்த வரியையும் வைத்துத்தான் அவனைப் பார்க்க வேண்டும்.

ஆனால் வேலி ஃபோர்ஜ் முகாமில், அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டனின் உதவி அதிகாரியாக இருந்த அந்தக் குளிர்காலத்தில், தன் வகுப்பைச் சேர்ந்த யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டான். 1778 ஜனவரி 14 அன்று அப்பாவுக்கு எழுதினான்: எனக்குச் சொத்து விட்டுப்போவதற்குப் பதிலாக, உங்கள் அடிமைகளில் உடல்வலுவுள்ள ஆண்களை இப்போதே என்னிடம் கொடுங்கள். அவர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்துப் படையாக்குகிறேன், போர் முடிவில் அவர்கள் சுதந்திர மனிதர்கள். அப்பா அப்போது காங்கிரஸ் தலைவர், யார்க் என்ற ஊரில் இருக்கிறார். அவரிடம் அதிகாரம் இருந்தது, அந்த மனிதர்கள் சட்டப்படி அவருடைய கையில் இருந்தார்கள், அடிமைமுறையை வெறுக்கிறேன் என்று எழுதிக்கொடுத்த கடிதமும் இருந்தது. வாரிசு தானே வந்து சொத்து வேண்டாம் என்கிறான். பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்ற தடையும் தீர்ந்தது.

ஹென்றி மறுத்தார். தளபதியிடம் கேட்டாயா என்றார், ஊரில் ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றார். பிறகு ஒரு வாதம் சொன்னார், அதுதான் என்னை மிகவும் தொந்தரவு செய்கிறது. பழகிப்போன வாழ்க்கையிலிருந்து, மனைவி மக்களிடமிருந்து, அவர்களுடைய சின்னச் சின்னத் தோட்டங்களிலிருந்து அவர்களைப் பிரித்து, கையும் காலும் போகும் போர்க்களத்துக்கு அனுப்புவதை அவர்கள் விடுதலை என்று நினைப்பார்களா என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 8,000 பேரை மனைவி மக்களிடமிருந்து பிரித்து விற்றுக் கழிவு வாங்கிய கை எழுதிய நியாயம் அது. அதைவிட முக்கியமாக, அந்தக் கேள்வியை மெப்கின் வயலில் நின்றவர்களிடமே போய்க் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. மகனுக்கும் அது தோன்றவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு வருடம் கழித்துப் போர் தெற்கே திரும்பியபோது நிலைமை மாறியது. 1779 மார்ச் 29 அன்று காங்கிரஸ், தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் 3,000 கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. உரிமையாளருக்குத் தலைக்கு அதிகபட்சம் 1,000 டாலர் ஈடு, உண்மையாகப் பணியாற்றியவருக்குப் போர் முடிவில் விடுதலையும் 50 டாலரும். இந்த முறை ஹென்றி ஆதரித்தார். அதை மறைக்கக் கூடாது. வாஷிங்டன்தான் அவருக்கு எழுதிய பதிலில் தயங்கினார். தீர்மானத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன ஜானுக்கு சட்டமன்றத்தில் கிடைத்த வாக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மே மாதம் பிரிட்டிஷ் படை சார்ல்ஸ்டன் வாசலுக்கு வந்தபோது, ஆளுநரும் ஆலோசகர்களும் நாங்கள் போரில் நடுநிலை வகிக்கிறோம், விட்டுவிடுங்கள் என்று பேசிப் பார்த்தார்கள். கறுப்பினத்தவர் கையில் துப்பாக்கி கொடுப்பதைவிட நாட்டின் விடுதலைப் போரிலிருந்தே விலகிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் அவர்கள். 1780 மே மாதம் ஊர் வீழ்ந்தது, ஜானும் கைதானான். கைதிகள் மாற்றில் வெளியே வந்து, பிரான்சுக்குப் போய்ப் பணம் வாங்கி வந்து, யார்க்டவுனில் சண்டையிட்டு, 1782 தொடக்கத்தில் மறுபடியும் அதே சட்டமன்றத்தில் அதே கோரிக்கையோடு எழுந்து நின்றான். மறுபடியும் தோற்றான்.

1782 ஆகஸ்ட் 27. போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சார்ல்ஸ்டனில் அடைபட்டுக் கிடந்த பிரிட்டிஷ் படைக்குச் சாப்பாட்டுக்கு அரிசி வேண்டும், காம்பாஹீ ஆற்றோரப் பண்ணைகளில் நெல் திரட்ட வருகிறார்கள். காய்ச்சலில் படுத்திருந்த ஜான் எழுந்து போய் அதைத் தடுக்கப் பார்த்தான், பதுங்கியிருந்தவர்கள் சுட்டதில் விழுந்தான். வயது 27. அற்பமான ஒரு சின்னச் சண்டையில் போய்விட்டானே என்று அமெரிக்கத் தளபதி நதனியேல் கிரீன் எழுதினார்.

நவம்பர் 30

செய்தி கடல் கடந்து ஹென்றிக்கு வந்துசேர நவம்பர் ஆனது. அப்போது இங்கிலாந்தில் இருந்தார். டவரில் பதினைந்து மாதம் கிடந்து உடல் நொடிந்துபோனவர். அவரை ஜாமீனில் எடுக்க முன்வந்தவர் பழைய பன்ஸ் தீவு ஆஸ்வால்ட்தான். உடனே பாரிசுக்கு வாருங்கள் என்று அழைத்து, மகன் இறந்த செய்தியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தவித்து எழுதினார் ஜான் ஆடம்ஸ். நாட்டுக்காக உயிர்விடத் துணிந்த ஒரு மகன் எனக்கு இருந்ததற்கு இறைவனுக்கு நன்றி என்று நவம்பர் 12 அன்று பதில் எழுதிவிட்டு ஹென்றி கிளம்பினார்.

அவர் போய்ச் சேரும்போது பேச்சுவார்த்தை முடியும் தறுவாயில் இருந்தது. அமெரிக்கத் தரப்பின் மற்ற தூதர்களான பிராங்க்ளினும் ஆடம்சும் ஜேயும் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் பிரிட்டன் சார்பில் உட்கார்ந்திருந்தவர் ஆஸ்வால்ட். சார்ல்ஸ்டனில் இவர் விற்றுக்கொடுத்த மனிதர்களைப் பன்ஸ் தீவிலிருந்து ஏற்றியனுப்பிய அதே ஆஸ்வால்ட். 30-ஆம் தேதி ஒப்பந்தப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹென்றி ஒன்று சொன்னார். பிரிட்டிஷ் படை வெளியேறும்போது நீக்ரோக்களையோ அமெரிக்கர்களின் வேறு சொத்தையோ கொண்டுபோகக் கூடாது என்று ஒரு ஷரத்து வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம், ஆஸ்வால்டும் சம்மதித்தார் என்று ஆடம்ஸ் நாட்குறிப்பில் சுருக்கமாக எழுதிவைத்திருக்கிறார். விவாதம் எதுவும் நடந்ததாகக்கூட அதில் இல்லை. வரி சேர்ந்தது, கையெழுத்தானது.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். துக்கத்தில் இருந்தவர், யோசிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது நிற்காது, அந்த மேசையில் அவர் கேட்டு வாங்கிய முக்கியமான ஒன்று இதுதான், யோசித்துத்தான் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்து மனிதர், அவ்வளவுதான் என்றும் சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் காலத்து இன்னொரு மனிதன் அவருடைய சொந்த மகன். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே பண்ணை வருமானம். அதைவிட, அந்தக் காலத்தில்தான் ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர் பிரிட்டிஷ் பக்கம் ஓடிப்போய்த் தங்கள் விடுதலையைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் பட்டியலில் அவர்களும் உண்டுதானே. எனக்குத் தோன்றுவது இதுதான்: ஹென்றி பொய் சொல்லவில்லை. 1776-இல் வெறுக்கிறேன் என்று எழுதியபோது உண்மையாகவே வெறுத்தார். ஆனால் அந்த வெறுப்பு முழுக்க அவருடைய மனசாட்சி பற்றியதாக இருந்தது, அந்த மனிதர்களைப் பற்றியதாக இல்லை. விடுதலை என்பது அவர் என்றாவது ஒருநாள் தன் பெருந்தன்மையால் கொடுக்கப்போகும் ஒன்று. அவர் கொடுக்கும் முன்பே அவர்கள் எடுத்துக்கொண்டால் அது களவு. களவு போனதை மீட்கத்தான் அந்த ஷரத்து. மகன் இறந்த துக்கமும் அந்தக் கணக்கும் அவருக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

வரி என்ன ஆனது

அந்த வரி எழுதியபடி நடக்கவில்லை. நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன், 1783 மே மாதம் வாஷிங்டன் நேரில் சந்தித்துக் கேட்டபோது, எங்கள் பக்கம் வந்தால் விடுதலை என்ற அறிவிப்பை நம்பி வந்தவர்கள் ஏற்கெனவே சுதந்திரமானவர்கள், அவர்கள் யாருடைய சொத்தும் அல்ல என்றார். சுமார் 3,000 பேரின் பெயர், வயது, பழைய எஜமான் யார் என்று ஒரு பெரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டு கப்பலேற்றி நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார். வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பிய ஹாரி வாஷிங்டனும் அதில் ஒருவர். பிரிட்டிஷாரைப் புகழ இது போதாது. சார்ல்ஸ்டனிலிருந்து அவர்கள் வெளியேறியபோது ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகவே ஜமைக்காவுக்கும் பிற இடங்களுக்கும் போனார்கள். நோவா ஸ்கோஷியாவில் கொடுத்த நிலமும் பாறைதான், அதுவும் பலருக்குக் கிடைக்கவில்லை. அங்கே ஏமாற்றப்பட்ட சுமார் 1,200 பேர் 1792 ஜனவரியில் ஹாலிஃபாக்ஸிலிருந்து மறுபடி கப்பலேறி, ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுன் என்ற ஊரை நிறுவினார்கள். ஹாரியும் போனார். ஃப்ரீடவுனிலிருந்து ஆற்றில் சுமார் 30 கிலோமீட்டர் மேலே போனால் பன்ஸ் தீவு. ஆஸ்வால்டின் உறவினர்கள் கையில் அது அப்போதும் ஆட்களைப் பிடித்துவைத்து அனுப்பிக்கொண்டிருந்தது.

ஹென்றி 1784-இல் அமெரிக்கா திரும்பினார். போரில் எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டி மெப்கினிலேயே தங்கிவிட்டார். பெற்றோரை இழந்த பேத்தி பிரான்செஸைச் சார்ல்ஸ்டனுக்கு வரவழைத்தார்கள், அத்தை மார்த்தா வளர்த்தாள், அம்மையில் பிழைத்த அதே மார்த்தா. அவள் வரலாற்றாசிரியர் டேவிட் ராம்சேயை மணந்தாள். இளையவள் மேரி எலினார், பின்னாளில் ஆளுநரான சார்ல்ஸ் பிங்க்னியை மணந்தாள். அடிமைகளில் ஒரு சிலரை ஹென்றி விடுவித்தார். 1776 கடிதத்தில் சொன்ன 'பலர்' வரவேயில்லை, நூற்றுக்கணக்கானவர்கள் அவருடைய வயல்களிலேயே இருந்தார்கள்.

1792 டிசம்பர் 8 அன்று இறந்தார். தன் உடலைத் துணியில் சுற்றி முழுவதும் சாம்பலாகும்வரை எரிக்க வேண்டும் என்று உயிலில் கண்டிப்பாக எழுதியிருந்தார். நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் அமெரிக்க வெள்ளையர்களிடையே முறைப்படி நடந்த முதல் எரியூட்டல்களில் ஒன்று அது, ஊரே அதிர்ந்து பேசியது. அவர் கேட்டபடியே செய்தார்கள். மெப்கின் பண்ணை இளைய மகன் ஹென்றிக்குப் போனது, நெல் வயல்களும் அவற்றில் வேலை செய்தவர்களும் உட்பட.